பதினோராவது ரீலில் சத்தம் இல்லை

8 டிசம்பர் 2024, ஞாயிறு

இன்று தெரிந்துகொண்டது: ஒரு சினிமாப் படத்துக்குக் காப்புரிமை அறுபது ஆண்டுகள்தான். படம் வெளியான வருடத்தை விட்டுவிட்டு, அடுத்த ஜனவரி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அறுபது முடிந்ததும் அது பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், இணையத்தில் ஏற்றலாம், வெட்டலாம், ஒட்டலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சொன்னவர் பிரிட்டோ. திருப்பூர்க்காரர். பழைய படங்களைத் தேடிப்பிடித்து யூடியூபில் போடுகிறவர். நானும் அப்பாவும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தார். ரசமும் அப்பளமும்தான் இருந்தது. அவரையும் சாப்பிடச் சொன்னோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, உங்கப்பா எடுத்த 'அத்திமரத்து வீடு' அறுபத்திநாலுல வந்த படமுங்க. வர்ற ஜனவரி ஒண்ணாந்தேதியோட உரிமை முடிஞ்சுருது. அன்னிக்கே போட்டர்லாம்னு இருக்கேன். உங்களைக் கேக்கோணும்னு இல்லை. இருந்தாலும் சொல்லாமப் போட்டா நல்லா இருக்காதுங்கில்ல?"

"போடுங்க" என்றார் அப்பா.

என் தாத்தா பஞ்சு வியாபாரி. வாழ்க்கையில் ஒரே ஒரு படம் எடுத்தார். அது ஓடவில்லை. மறுபடியும் பஞ்சுக்கே போய்விட்டார். நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார்.

"ஒரே ஒரு சங்கடமுங்க" என்றார் பிரிட்டோ. "எங்கிட்ட இருக்கற காப்பி, முன்ன ஒரு டிவிக்காரங்க எடுத்து வெச்சிருந்தது. அதுல பதினோராவது ரீல்ல சத்தமே இல்லை. உதடு மட்டும் அசையுது. உங்ககிட்ட நல்ல காப்பி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"பரவால்லை. இப்பத்தான் ஏஐ வந்துருச்சே. அந்த நடிகையம்மா குரல் மாதிரியே ஒண்ணு செஞ்சு ஒட்டீர்றேன். யாருக்கும் தெரியாது."

அப்பா ரசத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் பாத்திரம் கழுவினேன். நாளைக்கு அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது.

10 டிசம்பர், செவ்வாய்

இன்றைய தேர்வு முடிந்ததும் பள்ளி நூலகத்தில் காப்புரிமைச் சட்டம் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். பொது அறிவுக்காகத்தான்.

நாட்டுடைமை வேறு, இது வேறு. நாட்டுடைமை என்றால் அரசு பணம் கொடுத்து வாங்கி எல்லாருக்கும் தருவது. இதில் யாரும் எதையும் தருவதில்லை. காலம் முடிகிறது, அவ்வளவுதான்.

நூல்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. எழுதியவர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது ஆண்டுகள். ஆகவே ஒருவர் பிப்ரவரியில் இறந்தாலும் செப்டம்பரில் இறந்தாலும் சட்டம் அந்த வருடக் கடைசி வரை காத்திருக்கிறது. டிசம்பர் முப்பத்தொன்று வரை அது அவர் இறந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. செப்டம்பர் என்பது ஒரு உதாரணம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பானு எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு அக்கவுண்டன்சி. வக்கீலம்மா என்னத்தப் படிக்கறீங்க?"

"எங்க படம் ஒன்னு பொதுவாகப் போகுதுடி."

"உங்க படமா? நீ நடிச்சியா? மூஞ்சியப் பாத்தா தெரியலையே."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

12 டிசம்பர், வியாழன்

நாள் முழுக்க மழை. துணி காயவில்லை. சீருடையை இஸ்திரி போட்டே காய வைத்தேன்.

14 டிசம்பர், சனி

அப்பாவின் தொழிலைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை இருக்கிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போவார்களே, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், கும்பாபிஷேகம், அதையெல்லாம் பதிவு செய்து தருவது அப்பா. ஆண் குரல் அப்பாவுடையது. பெண் குரல் அம்மாவுடையது.

இன்று கணபதி ஏரியாவிலிருந்து ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்தார். பொங்கல் விற்பனைக்கு விளம்பரம் வேண்டுமாம்.

"போன தீவாளிக்கு முந்துன தீவாளிக்குப் பேசுனாங்களே, அந்த லேடி வாய்ஸே போட்டுருங்க. கூப்பிடற மாதிரியே இருக்கும். சனம் திரும்பிப் பாக்கும்."

"லேடி வாய்ஸ் இல்லீங்க" என்றார் அப்பா.

"லீவுங்களா?"

"ஆமாங்க."

அவர் ஒரு வாரம் பொறுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா மைக்கின் மேல் உறையைப் போட்டு மூடினார்.

பிறகு நான் கணினியில் ஒரு கண் முகாம் விளம்பரத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தேடும்போது ஒரு கோப்பு கண்ணில் பட்டது. 'அத்திமரத்து வீடு, முழுப்படம், ரீல் 11 குரலுடன்.' 2012இல் சேமித்தது.

ஆக, அப்பாவிடம் காப்பி இருக்கிறது. திறந்து பார்க்கவில்லை. கண் முகாமை மட்டும் ஏற்றிக் கொடுத்தேன்.

18 டிசம்பர், புதன்

பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா, பல்லடத்தில் இருக்கிறார். தூக்குப்போசி நிறைய அரிசியும்பருப்புச் சாதம் கொண்டுவந்தார். நான் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தார்.

"பெரியம்மா, பதினோராவது ரீல்னா உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"அட, அது உங்கம்மா பேசுனதாச்சே! அந்த டிவிக்காரன் படம் வேணும்னு கேட்டான். பொட்டியத் தொறந்தா ஒரு ரீல்ல சத்தம் பூராப் போச்சு. வசனம் எழுதுன காகிதம் ஒண்ணும் கெடைக்கலை. உங்கப்பனும் ஆத்தாளும் அதுல நடிச்ச பொம்பள உதட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க, ஒரு மாசம். சோறாக்க மறந்துட்டு உதட்டப் பாத்த குடும்பம் இது ஒண்ணுதான்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. அந்தப் பொம்பள என்ன பேசுனான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். உதடு எப்ப தொறக்குது, எப்ப மூடுதுன்னு பாத்து, அதுக்குப் பொருந்தற மாதிரி உங்கம்மாவே வசனம் போட்டுப் பேசிட்டா. எல்லாம் முடிஞ்சு பாத்தா டிவிக்காரன் கடையச் சாத்திட்டுப் போயிட்டான். யாரும் கேக்கலை அத." பெரியம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார். "அதுல வர்ற கொழந்தைக்குப் பேசுனது நீதான் கண்ணு. நாலு வயசு உனக்கு. தேங்கா பன்னு வாங்கிக் குடுத்துப் பேச வெச்சாங்க."

"எனக்கு ஞாபகம் இல்லை."

"உங்கம்மா போயி மூணு மாசமாச்சு. இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேடி நீ. உள்ளயே வெச்சிருந்தா ஆகாது சாமி."

"பரீட்சை இருக்குது பெரியம்மா" என்றேன்.

அரிசியும்பருப்பில் நெய் அதிகம். நன்றாக இருந்தது.

20 டிசம்பர், வெள்ளி

மாடியில் இருக்கும் அம்மாவின் பதிவுகளை எண்ணினால் நூற்றுக்கணக்கில் வரும். எல்லாம் விலை, தள்ளுபடி, இடம், தேதி. பொதுமக்களிடம் பேசுவது. அந்தப் பதினோராவது ரீலில்தான் வேறு எதையோ பேசியிருக்க வேண்டும்.

பிரிட்டோவுக்கு இது தெரியாது. அவர் செயற்கைக் குரலை ஒட்டிவிட்டால் படத்தில் அதுதான் நிற்கும். அப்பா தன் காப்பியைக் கொடுத்தால் அம்மாவின் குரல் யார் யாருக்கோ போகும், அது யாரென்றே தெரியாமல். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

24 டிசம்பர், செவ்வாய்

தேர்வு முடிந்துவிட்டது. அப்பா வெளியே போயிருந்தபோது மாடிக்குப் போய்ப் படத்தைத் திறந்தேன். பதினோராவது ரீல் வரை பார்ப்பதாக இல்லை. தொடக்கம் மட்டும்.

முதலில் தணிக்கைச் சான்றிதழ். கோடு கோடாக ஓடுகிறது. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். தேதி, 1964 டிசம்பர் 30.

பிறகு ஒரு வீடு, ஒரு அத்திமரம், சிரிப்பு நடிகர் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுகிறார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். இட்லிக்கு ஊறப்போட வேண்டியிருந்தது.

மாவு ஆட்டும்போதுதான் தோன்றியது. டிசம்பர் முப்பதாம் தேதி சான்றிதழ் வாங்கிய படம் அடுத்த நாளே எப்படித் தியேட்டருக்கு வந்திருக்கும்? அப்போதெல்லாம் படப்பெட்டி ரயிலில் போக வேண்டும். வருடத்தைச் சான்றிதழிலிருந்துதான் எல்லாரும் எடுக்கிறார்கள். படம் தொடங்கியதும் கண்ணில் படுவது அதுதானே. ஆனால் சட்டத்தில் சான்றிதழ் தேதிக்கு இடமே இல்லை. வெளியான தேதிதான் கணக்கு.

ஜனவரியில் வெளியாகியிருந்தால் அது 1965. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

28 டிசம்பர், சனி

நான்கு நாட்களாகக் கேட்கவில்லை. இன்று கேட்டேன். அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, தாத்தா படம் எப்ப ரிலீஸாச்சு?"

"பொங்கலுக்கு."

"எந்தப் பொங்கலுக்கு?"

"அறுபத்தஞ்சு." துண்டை மடித்து வைத்தார். "நீ கண்டுபிடிச்சிருவேன்னு நினைச்சேன்."

"அப்ப அந்தப் பிரிட்டோகிட்ட ஏன் சொல்லலை? இன்னும் ஒரு வருஷம் நம்மளுதுதானே?"

அப்பா அடுத்த துணியை எடுத்தார். ஒரு சேலை வந்தது. மடிக்காமல் ஓரமாக வைத்தார்.

"சொன்னா அவன் போயிருவான், அம்மிணி. அப்புறம் அடுத்த வருஷம் இதே மாதிரி வந்து நிப்பான். இதையே இன்னொரு வாட்டி யோசிக்கோணும். நாமளாக் குடுக்காம, நாமளாப் புடிச்சு வைக்காம, தானாப் போச்சுன்னா போகட்டும்னு இருந்துட்டேன்."

"காப்பி இல்லைன்னு சொன்னீங்களே."

"அதை நான் கேக்க முடியாது சாரு. எதைக் கேக்க முடியலையோ அதை எப்படி எடுத்து ஒருத்தன் கையில குடுக்கறது?"

"ஏஐ குரல் ஒட்டப்போறாங்களாம்."

"ஆமா, சொன்னான்."

"அம்மா பேசுன எடத்துலயே."

"ஆமா."

பிறகு அப்பா சொன்னார்: "உன்ற குரலும் அதுல இருக்குது. நீ என்ன சொல்றயோ அதையே செஞ்சர்லாம்."

மீதித் துணியை நான் மடித்தேன்.

31 டிசம்பர், செவ்வாய்

பிரிட்டோவின் யூடியூப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி. 'நாளை முதல் அனைவருக்கும்: அத்திமரத்து வீடு.' எண்ணூறு பேர் விரும்பியிருக்கிறார்கள். போன் செய்தேன்.

"சொல்லுங்க பாப்பா, ஹேப்பி நியூ இயர்."

"அங்கிள், அந்தப் படம் நாளைக்குப் பொதுவுக்கு வராது. சான்றிதழ்தான் அறுபத்திநாலு. ரிலீஸ் அறுபத்தஞ்சு பொங்கல். அடுத்த வருஷ ஜனவரிலதான் வரும்."

எதிர்முனையில் ஏதோ கீழே வைக்கும் சத்தம்.

"பாப்பா, நீங்க என்ன படிக்கறீங்க?"

"ப்ளஸ் ஒன்."

"ப்ளஸ் ஒன்னுலயே இப்படின்னா, வக்கீலானா நாங்கெல்லாம் ஊரைக் காலி பண்ணோணும் போல. போஸ்டர் போட்டு, ஊரெல்லாம் டமாரம் அடிச்சாச்சுங்க!" ஒரு பெருமூச்சு. "சரி. சட்டம்னா சட்டம். எடுத்தர்றேன். அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. இத்தனை வருஷமா எல்லாப் படத்துக்கும் சான்றிதழைப் பாத்துத்தான் போட்டுட்டிருக்கேன். இன்னும் எத்தனை படத்துல மாட்டுவனோ தெரியலை."

ஒரு மணி நேரத்தில் சுவரொட்டி போய்விட்டது.

1 ஜனவரி 2025, புதன்

படம் எங்களுடையது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

5 ஜனவரி, ஞாயிறு

பதினோராவது ரீலைத் திறந்தேன். காலை வேளை. அப்பா கீழே இருந்தார்.

கதாநாயகி வீட்டைவிட்டுப் போகப்போகிறாள். முன்பு பார்த்த அரை மணி நேரத்தில் எல்லாரும் பெரிய பெரிய வாக்கியங்களாகப் பேசியிருந்தார்கள். மானம், குலம், கண்ணீர். அவளும் அப்படித்தான் ஏதோ பேசியிருப்பாள். முகமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வந்த குரல் சொன்னது இது:

"பால் காச்சி மூடி வெச்சிருக்கேன். பூனை வரும், பாத்துக்க. தலைக்கு எண்ணெ வெச்சிருக்கேன், ஊறற வரைக்கும் வெளிய போகாத. அரிசி டப்பா மூடி இறுக்கம், அப்பாவைத் தொறக்கச் சொல்லு."

அந்த நடிகையின் கண்ணில் நீர் வழிகிறது. குரல் அரிசி டப்பாவைப் பற்றிச் சொல்கிறது. உதடும் சொல்லும் எங்கும் விலகவில்லை. நான் உதட்டை மட்டுமே பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு அரிசி டப்பாவும் அப்படித்தான். இப்போது அதை அப்பாதான் திறக்கிறார்.

குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தது. அங்கே நிறுத்திவிட்டேன்.

கீழே போய்த் தோசை வார்த்தேன். முதல் தோசை பிய்ந்துவிட்டது.

7 ஜனவரி, செவ்வாய்

யோசித்துக் கண்டது இது. அடுத்த ஜனவரி வந்துவிட்டால் தாத்தாவின் படத்துக்காக யாரும் எங்களிடம் வந்து நிற்க வேண்டியதில்லை. எங்களை நாடி வராத ஒருவரிடம் 'இந்தக் குரலைப் போடு, இந்தப் பெயரைப் போடு' என்று எப்படிச் சொல்வது? இந்த ஒரு வருடம்தான் அது எங்களால் கொடுக்க முடிகிற பொருளாக இருக்கிறது. அதன் பிறகு அது போகத்தான் முடியும்.

அப்பாவிடம் சொன்னேன். "அவருக்கே குடுத்தர்லாம்ப்பா. நம்ம காப்பியை. அம்மா பேரைப் போடோணும்னு சொல்லிட்டு."

"நீ கேட்டயா அதை?"

"பாதி."

அப்பா தலையாட்டினார். "நான் இன்னும் அந்தப் பாதியும் கேக்கலை" என்றார். பிறகு, "வரச்சொல்லு" என்றார்.

12 ஜனவரி, ஞாயிறு

பிரிட்டோ மடிக்கணினியோடு வந்தார். இந்தமுறை சாப்பிட்டார்.

அப்பா ஹார்ட் டிஸ்க்கை மேஜையில் வைத்தார். எல்லாவற்றையும் நான்தான் விளக்க வேண்டியிருந்தது: உதடு, ஒரு மாதம், டிவிக்காரர். வழக்கத்துக்கு மாறாக பிரிட்டோ எதையும் கேலி செய்யவில்லை. "அண்ணா, இது உங்ககிட்ட இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்ததுங்க."

படத்தின் தொடக்கத்தில் போட வேண்டிய பெயர் அட்டையை மேஜையிலேயே செய்தோம். மேலே, 'தயாரிப்பாளர் குடும்பத்தாரின் அனுமதியுடன்.' கீழே, 'பதினோராவது ரீல், வசனமும் குரலும்: ந. திலகவதி.' வசனம் என்பதையும் சேர்க்கச் சொன்னது நான். அது அம்மா எழுதியதுதான். அடுத்த வரியில், 'குழந்தையின் குரல்: சாருமதி.'

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" பிரிட்டோ அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அம்மா பேருக்குப் பக்கத்துல வருஷம் போடறதுங்களா? இல்லாதவங்களுக்கு அப்படிப் போடறது வழக்கமுங்க."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன். 1979 – 2024 என்று அடித்தேன்.

"எழுத்து அளவு சரியா இருக்குதுங்களா?"

"கொஞ்சம் சின்னதாக்கலாம்" என்றேன்.

14 ஜனவரி, செவ்வாய்

இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. வாசலில் கோலமும் இல்லை. ஒரு வருடம் அப்படித்தான். பெரியம்மா வீட்டுக்கு அந்தத் தடை கிடையாது. அங்கே வைத்த பொங்கலைத் தூக்குப்போசியில் கொண்டுவந்தார். கரும்பை மட்டும் வெளியிலேயே வைத்துவிட்டார்.

பத்து மணிக்குப் படம் ஏறியது. வெளியாகி இன்றோடு அறுபது வருடம் என்று பிரிட்டோ எழுதியிருந்தார். டிவியில் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். சைக்கிளிலிருந்து விழும் இடத்தில் பெரியம்மா சத்தமாகச் சிரித்தார். "இந்தாளு நிஜத்துலயும் இப்படித்தான் விழுவானாட்ட இருக்குது."

பதினோராவது ரீல் வந்ததும் அப்பா எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கதவருகே போய் அங்கேயே நின்றுகொண்டார். போகவில்லை.

பால், பூனை, எண்ணெய், அரிசி டப்பா. பெரியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தது.

"நீ எப்ப வருவ?"

கொஞ்சம் மூக்கடைத்த குரல். ஜலதோஷம் இருந்திருக்கும். என்னுடையது என்று சொன்னதால் தெரிகிறது, இல்லாவிட்டால் தெரியாது.

கதாநாயகி பார்க்கிறாள். வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு திரும்பி நடக்கிறாள்.

"அந்த எடத்துல" என்றார் அப்பா, கதவருகே நின்றபடியே, "உங்கம்மா ஏதாச்சும் சொல்லோணும்னு எவ்வளவோ பாத்தா. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தோம். அந்த நடிகை உதடு அசையவே இல்லை. என்ன சொன்னாலும் பொருந்தலை. அப்படியே விட்டுட்டோம்."

"செரி, வந்து உக்காருங்க" என்றார் பெரியம்மா.

அப்பா வந்து உட்கார்ந்தார். படம் இன்னும் மூன்று ரீல் இருந்தது. பார்த்தோம்.